மூச்சுக்கு எத்தனை நூல்

— ஏழு நூல்னு ஒரு சைசே கெடையாதுப்பா. இந்தச் செங்கல்பட்டு கடைத்தெரு முழுக்க சுத்திப் பாரு, மதராஸுக்கே போயி கேட்டுப் பாரு. ஏழு நூல்ல எவனும் நிப்பிள் போடல.

— நான் அளந்துகினு வந்திருக்கறேன் பாயம்மா. தோ, ஈர்க்குச்சி. காத்து மிஷினு வாய்ல குறுக்க வெச்சி ஒடைச்சது. நீங்களே அடிஸ்கோல்ல வெச்சிப் பாருங்க.

— வெச்சிப் பாத்துட்டுதான் சொல்றேன். எட்டு நூலு சேந்தா ஒரு இஞ்சு. இது ஏழு நூலுக்கு ஒரு பொட்டு கம்மி. நீ இன்னா பண்ணே தெரியுமா? மரைக்கு மேல வெச்சி அளந்துட்டே. பைப்புக்குப் பேரு வெக்கிறது உள்ள கீற ஓட்டைய வெச்சி. உன் மிஷினு ஓட்டை நாலு நூலு, அரை இஞ்சு. இரும்போட தடிமன், மரையோட மேடு எல்லாம் சேந்து வெளியில ஏழு காட்டுது. கம்பளி போத்திக்கினு கீறவன அளந்துட்டு இவன் குண்டன்னு சொன்னா எப்பிடி?

— அப்ப அரை இஞ்சு நிப்பிளே குடுங்க. கொஞ்சம் சீக்கிரமா குடுங்க பாயம்மா.

— எங்கூட்டுக்காரரு சரக்கெடுக்க மதராஸுக்குப் போற அன்னிக்குன்னு பாத்து எல்லாரும் கால்ல வென்னி ஊத்திக்கினு வர்றீங்க. போர்டுல ஹயாத் பாஷான்னு கீது, அவ்ளோதான். நிக்கா ஆயி வந்த நாளா இந்த ஓசு பைப்புங்க நடுவுல குந்திகினு கீறவ நானு. ஆமா, நீ யாரு? எனக்கெதுக்கு வம்பு, கடைக்கு வந்தவன் பேரு தெரிஞ்சிக்கலாம்ல.

— ஏசுதாசு. நூர்முகமது பாய் ஒர்க்ஷாப்பு. லாரிக்குப் பெயிண்டு அடிக்கணும், ஓசு பத்தல.

— நூர்முகமது ஆளா! அப்ப வா, இப்பிடி ஸ்டூல்ல குந்து. சண்டை முடிஞ்சி மிலிட்டரிக்காரன் ஏலம் வுட்டானே, அதுல எடுத்த மிஷினுதான? அத்த எடுத்துகினு வந்த அன்னிக்கு அவன் நடந்த நடை கீதே, மாப்ள ஊர்வலம் தோத்துது. அவன் பொண்டாட்டி உம்மு சல்மா எங்கிட்ட வந்து அழுவுறா, அக்கா, இவுரு சாப்பாட்டுத் தட்ட வெச்சிட்டு மிஷின தொடைக்கப் போறாருன்னு. எனக்கெதுக்கு வம்பு. பெயிண்டு அடிக்க ரெண்டு நூலு ஓசு போதும். எவ்ளோ நீளம்?

— அந்த உருளையில கீறது மொத்தமும்.

— மொத்தமுமா? அவன் ஒர்க்ஷாப்ப எனக்குத் தெரியாதா? ஒரு லாரி உள்ள வந்தா டிரைவரு ஜன்னல் வழியா எறங்கணும். இவ்ளோ நீள ஓசு வெச்சிகினு லாரிக்கு அடிப்பீங்களா, டேசன்ல நிக்கிற ரயிலுக்கு அடிப்பீங்களா?

— பாயம்மா, ரெண்டு நூலு வேணாம். அதான் இப்ப போட்டிருக்கறோம். நாலு நூலு வேணும்.

— பெயிண்டுக்கு நாலு நூலா? தம்பி, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்காத. ஒர்க்ஷாப்புக்காரன் நகத்துல கிரீசு இருக்கும். உன் காதுல, புருவத்துல, தலமயிருல எல்லாம் மணலு. அதுவும் ஆத்து மணலு இல்ல, கடல் பக்கத்து மணலு, பொடி மணலு. காலுல செருப்பு கெடையாது. இன்னொண்ணு, அந்த மிஷினு நேத்து ராத்திரியே தார்ப்பாய போத்திகினு லாரியில கெளம்பிப் போச்சி. கருவாடு விக்கிற செங்கம்மா திருக்கழுக்குன்றம் ரோட்டுல பாத்துட்டு, காலைல என் வாசல்ல கூடைய எறக்கறதுக்கு முன்னால சேதிய எறக்கிட்டா. இப்ப சொல்லு, எந்த லாரிக்குப் பெயிண்டு?

— ...ஒண்ணு கேக்கலாமா பாயம்மா?

— நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு கேக்கறே. சரி, கேளு.

— புது ஓசுல ஒரு நெடி வருதே. அத்தோட வர்ற காத்த ஒரு ஆளு இழுத்தா மயக்கம் வருமா?

— டயரு மயங்கினத நான் பாத்ததில்ல.

— ஆளு பாயம்மா. ஆளு.

— யா அல்லா. எங்கப்பா?

— வெளியில சொல்லக் கூடாதுன்னு தோப்புக்காரரு சத்தியம் வாங்கிட்டாரு. அதுவும் உங்ககிட்ட...

— எங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னு எவனோ சொல்லியிருக்கான். உண்மதான். ஆனா உயிர் போற சமாச்சாரத்த நான் வித்ததில்ல. சொல்லு. சொல்லிகினே இரு, என் கை வேலை பாக்கும். தோ, உருளைய எறக்கறேன், பிடி.

— நெம்மேலிக்கு வடக்கால, அருணகிரி ஐயா சவுக்குத் தோப்பு. அதுல ஒற கெணறு எறக்குனோம். சிமிட்டி வளையந்தான் ஒற, அத்த வெச்சி, உள்ள ஆளு குந்திகினு மணல வார வார, ஒற தானா கீழ எறங்கும். உள்ள குந்தியிருந்தது என் தம்பி சாலமோனு. நேத்து காலைல நடு ஒற ரெண்டும் வெடிச்சிது. நான் மேல கயிறு பிடிச்சிகினு கீறேன். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள மணலு உள்ள போயி கெணத்து வாய மூடிடுச்சி. கயிறு மட்டும் என் கையில.

— இன்னா லில்லாஹி...

— அப்பிடிச் சொல்லாதீங்க! செத்தவங்களுக்குச் சொல்றதுதான அது? எங்கூர்ல பாய்ங்க சொல்லி கேட்டிருக்கறேன். அவன் சாவல. வெடிச்ச ஒறைங்க சாஞ்சி கூரை மாதிரி நிக்குது. அதுக்குக் கீழ கீறான்.

— எப்பிடித் தெரியும்?

— முக்கா இஞ்சு இரும்புப் பைப்ப சம்மட்டியால அடிச்சி எறக்கினோம். கொஞ்ச தூரம் போனதும் பொளக்குனு வெறும் எடத்துல போயி நின்னுது. அடிக்கறத நிறுத்திட்டேன். கீழேர்ந்து ரெண்டு தட்டு வந்துது. டொக்கு, டொக்கு. மார்கரெட்டு, அவன் பொண்டாட்டி, அப்பிடியே மணல்ல வுழுந்து பைப்பக் கட்டிகினா.

— அப்பறம் நூர்முகமது மிஷின கொண்டாந்தானாக்கும். பாரேன், ஊர்ல எவனுக்கும் ஒரு டயரு சும்மா அடிக்க மாட்டான், கருமி. இதுக்கு ராத்திரியோட ராத்திரியா ஓடியிருக்கான். நாளைக்கி அவனப் பத்தி நான் இன்னாத்த பேசுறது?

— நல்ல மனுசன் பாயம்மா. ஆனா மிஷின கெணத்தாண்ட கொண்டுபோவ முடியல. அந்தக் கனம் வந்தா மணலு இன்னும் சரியும். அதனால தோப்புக்கு வெளியில, கெட்டித் தரையில நிக்குது. அங்கேர்ந்து கெணத்துக்கு ஓசு. கையில கெடைச்ச ரெண்டு நூலு ஓசுங்கள ஒட்டுப் போட்டு ஓட்டறோம். அந்தக் கோடியில மெதுவா ஊதற மாதிரிதான் வருது.

— வராது. மிஷினு வாயி அரை இஞ்சு, உன் இரும்புப் பைப்பு முக்கா இஞ்சு, நடுவுல கழுத்த நெரிச்சி ரெண்டு நூலு. ஓசு நீள நீள காத்து உள்ளயே ஒரசிகினு சோந்து பூடும். ஒட்டுப் போட்ட எடத்துல எல்லாம் நிப்பிள் ஓட்டை இன்னும் சின்னது. நல்லா கேளு. மூணு நூலு ஓசு, ஒட்டே இல்லாம ஒரே நீளம், ரெண்டு மொனையிலயும் பித்தள நிப்பிள், கிளிப்பு போட்டு முறுக்கு. குந்திகினு கீற ஒரு ஆளுக்கு அது தாராளம். துணி போட்ட ஓசு தரேன், வெடிக்காது. உள்ள வெள்ளையா மாவு பூசியிருப்பான், அத்த மொதல்ல வெளியில ஊதித் தள்ளிட்டு அப்பறம் மாட்டு. இல்லன்னா உன் தம்பி இரும இரும...

— மூணு பத்தாது பாயம்மா. நாலு குடுங்க.

— நாந்தான் சொல்றேன்ல. நாலு நூலு ஓசு கனம். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு இழுத்தா மணலையும் சேத்து இழுக்கும். ஒரு ஆளுக்கு மூணே...

— அவன்தான் கேட்டான்.

— எவன்?

— சாலமோனு. மிஷின கொஞ்ச நேரம் நிறுத்திட்டு, ஓச கழட்டிட்டு, பைப்புல காது வெச்சா பேசறது கேக்குது. மொதல்ல, அண்ணா நல்லா கீறேன்னான். அப்பறம் காத்து பத்தலன்னான். கொஞ்சம் நேரங் கழிச்சி மார்கரெட்டு காது வெச்சா. அவகிட்ட சொன்னான்: பெரிய ஓசா பாக்கச் சொல்லு, எல்லாருக்கும் பத்தலன்னு.

— எல்லாருக்குமா?

— எல்லாருக்கும்.

— எத்தினி பேர எறக்குனீங்க?

— அவன் ஒருத்தனத்தான்.

— ...மயக்கத்துல பேசியிருப்பான். அடைஞ்ச காத்து தலைக்கேறினா வாய்க்கு வந்தது வரும். எங்க மாமனாருக்குக் காய்ச்சலு கண்டப்ப வூட்டுல யானை கட்டியிருக்குதுன்னாரு. அந்த மாதிரி.

— நானும் அப்பிடித்தான் நெனச்சேன். நூர்முகமது பாய்தான் கூப்ட்டு முள்ளக் காட்டினாரு. மிஷினுல கடியாரம் மாதிரி ஒண்ணு கீதுல்ல?

— பிரஷரு காட்டற முள்ளு.

— அதான். கீழ கீற பொந்து ரொம்பினா மிஷினு தொட்டியும் ரொம்பி தானா நிக்கும்னாரு. நேத்து ராத்திரிலேர்ந்து அது ஒரு தபா கூட ரொம்பல. எவ்ளோ ஊதினாலும் உள்ள போயிகினே கீது.

— மணல்ல கசியும்ப்பா. கடல் மணலு, சல்லட மாதிரி. அதுக்குப் போயி...

— கசிஞ்சா ஒரே சீரா எறங்கணும்னு அவரே சொன்னாரு. இந்த முள்ளு எறங்குது, நிக்குது. எறங்குது, நிக்குது. நானும் பாத்தேன். பாத்துகினே இருந்தா நம்ம மூச்சும் அத்தோட சேந்துக்குது பாயம்மா. அவரு எழுந்து அந்தாண்ட போயி தொழுவ ஆரம்பிச்சிட்டாரு.

— நூர்முகமதா? வெள்ளிக்கெழமையே அவன பள்ளிவாசலுக்குப் புடிச்சி இழுத்துகினு போவணும்.

— இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. உள்ள ஒரு பொம்பள இருமுறா.

— இன்னாது?

— மார்கரெட்டுதான் மொதல்ல கேட்டா. கேட்டுட்டு என்னப் பாத்தா. நான் காது வெச்சேன். எனக்கும் கேட்டுது.

— புருசன் இருக்கற எடத்துல பொம்பள இருமினா எந்தப் பொண்டாட்டியும் சும்மா இருக்க மாட்டா. அவ இன்னா சொன்னா?

— முந்தானைய எடுத்து தலைல போட்டுகினு, பைப்புல வாய வெச்சி, தண்ணி இல்லியான்னு கேட்டா. அந்தப் பொம்பளைய.

— தம்பி, இந்தக் கத்திய நீ பிடி. ஓச நேரா வெட்டணும், கோணலா வெட்டினா நிப்பிள் ஒக்காராது. ...அந்தத் தோப்பு, மணல் மேடு மேல கீறதுதான? மாமல்லபுரத்துலேர்ந்து போறப்ப, கடலு பக்கம், தனியா ஒசரமா?

— அதான்.

— செங்கம்மா ஒரு நாளு சொன்னா. அவ சொல்றதுல பாதி உப்புதான்னு நான் காதுல போட்டுக்கல. அந்த மேடு மொதல்ல அங்க இல்லியாம். ஒரு பெரிய புயலு வந்த ராத்திரி, கரையில இருந்த மேடு எழுந்து வந்து அங்க குந்திக்கிச்சாம். அது குந்தின எடத்துல ஒரு சேரி இருந்துதாம்.

— செங்கம்மா உப்பு போடல பாயம்மா. அது எங்க சேரி.

— உங்களுதா?

— எங்க அப்பாரு உப்பளத்துல காவலுக்குப் போயிருந்தாரு, அதனால மிஞ்சினாரு. காத்துக்குப் பயந்து எல்லாரும் கதவ சாத்திகினு உள்ள இருந்தாங்க. காலைல வந்து பாத்தா கூரை கூட தெரியல. மிஞ்சின நாலு பேரும் கையால வாரினாங்க. அருணகிரி ஐயாவோட அப்பாரு வந்து, செத்தவங்களத் தோண்டினா நோயி வரும், போங்கடான்னு வெரட்டிட்டாரு. அடுத்த மழைக்கு அது மேல சவுக்கு வெச்சிட்டாரு. சேரி நெலம் தோப்பு நெலமாப் பூட்ச்சி.

— அடப்பாவிங்களா. இத்தினி நாளு இந்தச் சேதி எனக்கு வரலியே.

— நாங்க யாருக்குஞ் சொல்றதில்ல. ஆனா எங்காளுங்க அந்தத் தோப்புக்குள்ள செருப்பு போட மாட்டோம்.

— ஐயா தெருவுலதான் போட வுட மாட்டானுங்க. தோப்புலயுமா?

— அது ஐயாவுக்காக இல்ல. கீழ கீறவங்களுக்காக. தலைக்கு மேல நடக்கறோம்ல. தோப்புக்குள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்ட மாட்டோம். வெறகு வெட்டினாலும் மரத்த கயிறு கட்டி மெதுவா சாய்ப்போம், தொப்புனு போட மாட்டோம். தூங்கறவங்க தூங்கட்டும்னு. ஆனா வயிறு எங்கள வுடல பாயம்மா, கூலிக்காகக் கெணறு எறக்க ஒத்துகினோம். எறக்கும்போதே ஒரு அம்மிக் கல்லு வந்துது. அப்பறம் ஒரு வாசக்காலு. படுத்துகினு இல்ல, நட்டமா நின்னுகினு. சாலமோனு கீழேர்ந்து சொல்றான், அண்ணா, இங்க ஒரு கதவு கீது, உள்பக்கமா தாப்பா போட்டிருக்குதுன்னு.

— போதும், போதும். காலைல நாஸ்தா கூட எறங்கல எனக்கு.

— ஐயா மேல நின்னுகினு, எட்டி ஒதச்சிட்டு வேலையப் பாருடான்னாரு. இவன் ஒதைக்கல. தட்டியிருக்கான். நம்ம வூட்டுக் கதவ தட்டுற மாதிரி. அப்பத்தான் ஒற வெடிச்சிது.

— ...இப்ப அந்த ஐயா இன்னா சொல்றாரு?

— உள்ள எவனும் உயிரோட இல்ல, உச்சி வெயிலு வரைக்கும் பாப்பேன், அதுக்கப்பறம் மிஷின நிறுத்திட்டு கெணத்த மூடுங்கடான்றாரு. போலீசு வந்தா நெலத்த தோண்டுவான், தோண்டினா எங்க சேரி வெளியில வரும்னு அவருக்கு பேஜாரு. அதுக்குள்ள காத்து நல்லா போச்சின்னா, சாலமோனு தெம்பா இருப்பான், பக்கவாட்டுல பள்ளம் எடுத்து இழுத்துடலாம். பத்தாத காத்துல அவன் மயங்கிட்டா தட்ட மாட்டான். தட்டலன்னா மூடிடுவாங்க. அதான் பாயம்மா அவசரம். வேற ஒண்ணும் இல்ல.

— ஏசுதாசு, நான் ஒண்ணு கேக்கறேன், மனசுல பட்டதச் சொல்லு. மூணு நூலு ஓசு போட்டா உன் தம்பிக்கு மட்டும் போதும். நாலு நூலு போட்டா...

— தெரியும்.

— உனக்குப் பயமா இல்லியா?

— பயந்தான். ஆனா நான் மட்டும் போதும்னு அவன் சொல்லலியே. எல்லாருக்கும்னு கேட்டான். அவங்க நடுவுல குந்திகினு இவன் மட்டும் எப்பிடி இழுப்பான்? அவங்களுக்குப் பத்தலன்னா இவனுக்கு வுடுவாங்களா? எனக்குத் தெரியல பாயம்மா. எங்கப்பாரு கையால வாரினவரு. நான் கூலிக்கு ஒற எறக்கினவன். நாலு நூலே குடுங்க.

— சரி. தோ, மூண எடுத்து அந்தாண்ட வெச்சிட்டேன். நாலு நூலு ஓசு. பிடி, தோள்ல வாங்கிக்க. அரை இஞ்சு பித்தள நிப்பிள், மிஷினு பக்கத்துக்கு. அந்தப் பக்கம் உன் பைப்பு முக்கா இஞ்சு, அதனால முக்காவ அரையாக்குற ரெடியூசரு. மரையில சணலு சுத்தி எண்ணெ போட்டு ஏத்து. கிளிப்ப ஒரு மொனைக்கு ரெண்டு போடு. டப்பு இன்னிக்குப் பேசாத, எங்கூட்டுக்காரரு வந்தா எலி கடிச்சிடுச்சின்னு சொல்லிக்கறேன். ஓசு முழுங்கற எலி எங்க கீதுன்னு கேப்பாரு. அது என் தலையெழுத்து. எப்பிடிப் போவே?

— வர்ற வண்டியில தொத்திகினு வந்தேன். அதே மாதிரி...

— அதே மாதிரி போனா சாயந்தரம் ஆவும். இரு, எதுத்த கடை ஜட்காவ... தோ, அங்க வர்றது நூர்முகமது லாரிதான? அந்த ஹாரனு செத்த ஆடு மாதிரி கத்தும், ஊருக்கே தெரியும். அவன் டிரைவரு அமீரு ஓட்டிகினு வரான். பக்கத்துல யாரு அது, சாக்க போத்திகினு?

— எங்க? ...சாலமோனு! டேய்! ஆண்டவரே, டேய் சாலமோனு!

— பாத்து எறங்கு, மெதுவா. கையப் பிடி ஏசுதாசு, விழுந்துடப் போறான். உடம்பெல்லாம் மணலு. உன் தம்பிதானப்பா இது? நல்லா பாத்து சொல்லு.

— என் தம்பிதான் பாயம்மா! காது மடல்ல தழும்பு பாருங்க, நான் கல்லால அடிச்சது. டேய், எப்பிடிடா வந்தே? மார்கரெட்டு எங்க?

— அங்கயே கீறா அண்ணா. பைப்பாண்ட. வர மாட்டேன்னுட்டா.

— யாருடா தோண்டினது? பள்ளம் எடுத்தாங்களா?

— இல்ல. கீழேர்ந்து தூக்கி வுட்டாங்க. ஒருத்தர் தோளு மேல ஒருத்தர் நின்னுகினு, கை மாத்தி கை மாத்தி. தலை வெளியில வந்ததும் நூர்முகமது பாய் இழுத்துட்டாரு.

— அல்லாதான் காப்பாத்தினான். போதும், இதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன். நானா சொல்றேன் பாரு, கேக்க மாட்டேன்னு! ஏசுதாசு, அந்த ஓச எறக்கி வெச்சிட்டு, இவன நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ. கெணத்த மூடறவன் மூடட்டும். அமீரு, போயி மிஷின நிறுத்தச் சொல்லு.

— அமீர அனுப்பாதீங்க யம்மா. நிறுத்தக் கூடாது. ஐயா நிறுத்தச் சொல்லி ஆளுங்கள அனுப்பினாரு. அவனுங்க பைப்புல காது வெச்சிட்டு, மம்முட்டிய போட்டுட்டு ஓடிட்டானுங்க. பாய் இன்னும் ஓட்டிகினுதான் கீறாரு.

— நீதான் மேல வந்துட்டியேப்பா. உயிரோட எங்கண்ணு முன்னால நிக்கறே. இனிமே எதுக்கு மிஷினு, எதுக்கு ஓசு?

— என்ன ஆஸ்பத்திரிக்குத்தான் ஏத்தினாங்க. நாந்தான் இங்க நிறுத்தச் சொன்னேன். எங்கண்ணன் எந்த சைசு வாங்கறான்னு பாக்க.

— நீ கேட்டதுதாண்டா. நாலு நூலு. தோ, தோள்ல கீது பாரு.

— இது பத்தாது அண்ணா. நான் கேட்டது நேத்து ராத்திரி. அப்ப பெரியவங்க மட்டுந்தான். யம்மா, கடையில இருக்கறதுலயே பெரிய ஓசா பாத்துக் குடுங்க. காலைல புள்ளைங்க எல்லாம் முழிச்சிக்கிச்சுங்க.